புல்லட்டில் கியர் விழவில்லையா? உடனே கியர் பெட்டியைப் பிரிக்காதீர்கள்

போன தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒரு பழைய புல்லட்டைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். "எங்க ஐயா வண்டிண்ணே. கியரே விழ மாட்டேங்குது. இன்னொரு பட்டறையில பெட்டியப் பிரிச்சு எல்லாப் பல்லையும் மாத்தணும்னுட்டாங்க" என்றார் கூட வந்த தம்பி. பத்து வருஷமாகப் பின்கட்டில் நின்ற வண்டி. நான் ஸ்பேனரைத் தொடவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தேன். என்ஜினும் சேர்ந்து சுற்றியது. அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது.

நான் சொல்வது வலது காலில் கியர் போடும் நாலு கியர் புல்லட். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இதில் கிக்கர் உதை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சுக்குப் போய், அங்கிருந்துதான் என்ஜினுக்குப் போகும். கிளட்சைப் பிடித்தால் கிக்கர் வெறுமனே இறங்க வேண்டும். என்ஜினையும் இழுத்துக்கொண்டு இறங்கினால் கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் பிளேட்டுகள் பிரியவில்லை என்று அர்த்தம். பிரியாத கிளட்சோடு கியர் போட்டால் இடிக்கத்தான் செய்யும், நிற்கும்போது நியூட்ரலும் அகப்படாது. பழி மட்டும் கியர்பாக்ஸுக்கு.

முதலில் கிளட்ச் கேபிள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி உறைக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, மேல்நுனியில் காகிதக் கூம்பு கட்டி எண்ணெய் விட்டால் விடிவதற்குள் கீழே சொட்டியிருக்கும். பிரி விட்டிருந்தால் புதுசு போட்டுவிடுங்கள். அப்புறம் கியர்பாக்ஸ் கவரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் ஒரு ஸ்குரூவும் லாக்நட்டும் தெரியும். நட்டைத் தளர்த்தி, ஸ்குரூ புஷ் ராடில் (கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் கம்பி) முட்டும்வரை உள்ளே திருகி, அரைச் சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். கை லிவர் பக்கம் கேபிளில் 2 அல்லது 3 மி.மீ. ஆட்டம் இருந்தால் சரி.

அதற்கும் மசியாவிட்டால் இடது பக்கச் செயின் கேஸைத் திறக்க வேண்டும். கானாடுகாத்தான் வண்டியில் பிளேட்டுகள் ஈரம் கண்ட அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக் கிடந்தன. மெல்லிய தகட்டுக் கத்தியை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, இரும்புப் பிளேட்டை ஆத்தங்குடி டைல்ஸ் மேல் வைத்துப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதால் அதன் முகம் அப்படிச் சமமாக இருக்கும். பட்டறையில் ஒன்று எப்போதும் வைத்திருக்கிறேன். விரலால் ஓரத்தை அழுத்தினால் ஒரு பிளேட் மட்டும் 'டக் டக்' என்று ஆடியது. வளைந்த பிளேட். அதை மாற்றி, மற்றவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பூட்டினேன். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஒரு பக்கமாகச் சாயாமல் நேராகத் தூக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் சரியான பிறகும் கியர் தகராறு செய்தால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிலர் கண்ட கிரீஸையும் அடைத்து வைத்திருப்பார்கள், அது இறுகிப்போயிருக்கும். வண்டி சூடாக இருக்கும்போது வடித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசி, இ.பி. 90 கியர் எண்ணெயை, அளவு காட்டும் லெவல் பிளக் வரை ஊற்றுங்கள்.

கீழே மிதித்தால் விழுகிறது, மேலே தூக்கினால் விழவில்லை, அல்லது நேர்மாறாக என்றால், மிதிக்கு ஏற்ப கியரை மாற்றும் ராட்செட்டின் தகடு நகர்ந்திருக்கிறது. வெளிக்கவரைக் கழற்றினால் நீள்துளையோடு இரண்டு நட்டில் நிற்கும் தகடு ஒன்று தெரியும். தளர்த்துவதற்கு முன்னால் அது நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவையுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு முறை முழு மத்தியானத்தையும் தொலைத்திருக்கிறேன். மயிரிழை நகர்த்தி, பூட்டி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். சக்கரம் நின்றிருந்தால் நல்ல பெட்டியிலும் கியர் அடம் பிடிக்கும். மேலேயும் கீழேயும் மிதி ஒரே அளவு போக வேண்டும், அதுதான் கணக்கு. மிதி போன இடத்திலேயே நின்றுவிட்டால், கோளாறு அதைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கில்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்றால்தான் பெட்டியைப் பிரிக்கும் வேலை. பல் முனை மழுங்கியிருக்கும், இல்லையென்றால் பெட்டிக்குள் பல்லை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கும். கழற்றும் வரிசையிலேயே வாஷரையும் பல்லையும் ஒரு கம்பியில் கோத்துவிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு நிலை கிடைக்கும், பீங்கான் ஜாடி கிடைக்கும். தொலைந்த வாஷர் கிடைக்காது.