சாட்ஜிபிடியின் பதிலைக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர் ஒருவர், பெரிய ரப்பர் தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். பிறகு கருவியின் பெயர், பதிப்பு, தேதி, கேட்ட கேள்வி ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பதிலையும் நகலெடுத்து வையுங்கள்; அதே கேள்விக்கு நாளை வேறு பதில் வரலாம்.

மேற்கோள் காட்டும் முறைகளில் ஒன்றான ஏபிஏ (APA) முறையில் நூலாசிரியர் இடத்தில் கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் வரும்: (ஓப்பன்ஏஐ, 2023). அதில் வரும் ஆண்டு, பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு. துணைநூற்பட்டியலில் கருவியின் பெயர், பதிப்பு, இணைய முகவரி சேரும். மற்றொரு முறையான எம்எல்ஏ (MLA) கருவியை நூலாசிரியராக ஏற்பதில்லை. கேள்வியின் விவரமே முதலில் வரும்.

உண்மையான ஆபத்து வேறு. துண்டாடலிலிருந்து தொழிலாளர்களைக் காக்கத் தோட்டங்களை வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் மலேசியத் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கினார் என்று கருவி சரியாகவே சொல்லக்கூடும். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டும் நூல் எங்குமே இல்லாததாக இருக்கலாம். அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோப்பதுதான் அதன் வேலை. நூல் பெயரையும் அப்படியே கோத்துவிடும். ஒவ்வொரு தலைப்பையும் ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித்தரும் கூகள் ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ (DOI) எண், அதாவது ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண், தந்தால் திறந்து பாருங்கள். எண் உண்மையாக இருந்தும் வேறு கட்டுரைக்குப் போவதுண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்தினால், மூலத்தை வாசித்து அதையே மேற்கோள் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எழுத்துப்பிழை திருத்த மட்டும் பயன்படுத்தினீர்களா? அதையும் ஒரு குறிப்பில் சொல்லிவிடுங்கள்.