முதியோரின் நாட்பட்ட மலச்சிக்கல்: மலசலகூடத்துக்குப் போகும் வழியைச் சீராக்குவதே முதல் வேலை

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிவதும், கழிந்தாலும் புழுக்கை போல இறுகியிருப்பதும், முக்கிப் போன பின்னும் மிச்சம் கிடப்பதாகத் தோன்றுவதும் மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட மலச்சிக்கலாகும். இரண்டு நாளுக்கொரு முறை சிரமமின்றிப் போகிறவருக்கு நோயெதுவுமில்லை. அவரைப் பேதி மருந்து குடிக்கச் சொல்லி வருத்த வேண்டாம்.

வன்னியில் பல வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்கோடியில் இருக்கிறது. இருட்டிய பின் பாம்புக்கும், காட்டோரக் கிராமங்களில் யானைக்கும் அஞ்சும் முதியவர்கள், பிற்பகலிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, வந்த உணர்வையும் விடியும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்கிய மலம் பெருங்குடலில் தங்கத் தங்க அதன் ஈரம் உறிஞ்சப்பட்டு இன்னும் இறுகும். ஆகவே கீரையைப் பற்றிப் பேசுமுன் அந்த வழிக்கு வெளிச்சமும், உள்ளே பிடித்து எழும்ப ஒரு கம்பியும் வேண்டும். முழங்கால் மடியாதவருக்கும் செயற்கைக்கால் பொருத்தியவருக்கும் குந்தியிருப்பது வேதனையானது. அவர்களுக்குக் கொமட்டோ நடுவில் துளையிட்ட கதிரையோ பொருந்தும். அப்படி இருக்கும்போது பாதங்களின் கீழ் அரையடி உயரப் பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர முன்குனிந்திருந்தால் மலம் எளிதாக இறங்கும்.

வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் போய்ப் பத்து நிமிடம் இருப்பது நல்ல பழக்கம். வராவிட்டால் எழுந்துவிடலாம், முக்கக் கூடாது.

பாணையும் வெள்ளை மா இடியப்பத்தையும் குறைத்து, தீட்டாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த பயறு, முருங்கையிலை வறை, பப்பாசிப்பழம் ஆகியவற்றை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். தண்ணீரில்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் சிக்கல் மோசமாகும். நாளுக்கு 6 முதல் 8 குவளை தண்ணீரில் பெரும்பகுதியைப் பின்னேரத்துக்கு முன்பே குடித்துவிட்டால் இரவில் எழும்பும் தொல்லையும் குறையும். ஆனால் சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும், பழம், கீரை, பயற்றின் அளவையும் கிளினிக்கில் கேட்டே தீர்மானிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் வளவுக்குள் நடப்பது போதுமான உடற்பயிற்சி.

இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளும் சில வலிநிவாரணிகளும் மலத்தை இறுக்கக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தாமல், மருந்துப் பையை அப்படியே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு, திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வயிறு வீங்கி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல நாள் போகாதிருந்தவருக்குத் தண்ணீராகக் கசிந்தால் அதை வயிற்றோட்டம் என்று எண்ணி மருந்து கொடுக்காதீர்கள். அடைத்து நிற்கும் மலத்தைச் சுற்றியும் அப்படிக் கசியும்.