இன்டேக் மேனிஃபோல்டு ஸ்பேசர்: வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே பொருத்தப்படும் ஸ்பேசர் என்ற இடைத்தட்டு, குதிரைத்திறனைக் கூட்டும் பாகம் என்றே பெரும்பாலும் விற்கப்படுகிறது. உண்மையில் அது வெப்பத்தைத் தடுக்கும் ஒரு தடுப்பு. அந்த நோக்கத்தோடு வாங்கினால் சில எஞ்சின்களில் அதற்கு நல்ல பயன் உண்டு. ஆற்றலுக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பது என் கருத்து.

ஓடிச் சூடேறிய எஞ்சினில் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தச் சூடு ஹெட்டிலிருந்து அலுமினிய மேனிஃபோல்டுக்கு எளிதில் பரவி, உள்ளே வரும் காற்றையும் சூடாக்குகிறது. ஃபீனாலிக் பிசினால் ஆன ஸ்பேசர் அலுமினியத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், அந்தப் பரவலை வெகுவாகக் குறைக்கிறது. சாதாரண வெப்பநிலையில் காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும் என்பதால், கணக்கு கவர்ச்சியாகத்தான் தெரிகிறது.

ஆனால் காற்று மேனிஃபோல்டுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2 லிட்டர் எஞ்சின் ஒன்று த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) முழுதும் திறந்த நிலையில் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. மேனிஃபோல்டின் கொள்ளளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்று அதனுள் இருப்பது நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரமே. அதற்குள் அது பெரிதாகச் சூடேற வாய்ப்பில்லை. மாறாக, நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், சூடான எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து மீண்டும் கிளப்பும்போதும், காற்று மெதுவாக நகர்வதால் மேனிஃபோல்டின் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்கிறது. ஸ்பேசரின் பயன் தெளிவாக உணரப்படுவது இத்தகைய தருணங்களில்தான். மேனிஃபோல்டில் வெப்பநிலை சென்சார் உள்ள கார்களில், காற்று சூடாகிவிட்டதைக் கண்டு இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளுவதும் அப்போது குறையும்.

மேனிஃபோல்டிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் குழாயான ரன்னரின் நீளம் கூடுவதால் டார்க் (எஞ்சினின் திருப்புவிசை) கூடும் என்ற வாதமும் உண்டு. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ரன்னரில் 10 மில்லிமீட்டர் சேர்த்தால், 6,000 ஆர்பிஎம்மில் இருந்த ட்யூனிங் உச்சம் (ரன்னரின் அழுத்த அலைகள் காற்றை மிக நன்றாக உள்ளே தள்ளும் வேகம்) 150 ஆர்பிஎம் அளவுக்கே கீழே நகரும். சாலையில் அதை யாரும் உணரப் போவதில்லை. த்ராட்டிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைக்கும், சுருள் பள்ளம் வெட்டிய த்ராட்டில் பாடி ஸ்பேசரைப் பற்றிச் சொல்வதற்கு இன்னும் குறைவே: ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள எஞ்சினில், அது எழுப்புவதாகச் சொல்லப்படும் சுழல் வால்வை எட்டும் முன்பே அடங்கிவிடும்.

ஆகவே முதலில் உங்கள் மேனிஃபோல்டு எதனால் ஆனது என்று பாருங்கள். அது நைலான் வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால், அதுவே வெப்பத்தை நன்கு தடுப்பதால் ஸ்பேசர் தேவையில்லை. அலுமினியமாக இருந்தால், பிளீனத்தில் (மேனிஃபோல்டின் பொதுக் காற்றறையில்) ஒரு வெப்பநிலை சென்சாரைப் பொருத்தி, வெளிக்காற்றைவிட அங்கே எத்தனை டிகிரி கூடுதல் என்பதை நெரிசலிலும் வேகமான ஓட்டத்திலும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். பல கார்களில் தொழிற்சாலை சென்சார் ஏர் ஃபில்டருக்கு அருகிலேயே இருப்பதால், மேனிஃபோல்டில் ஏறும் சூடு அதற்குத் தெரிவதே இல்லை. வேறுபாடு சில டிகிரிதான் என்றால் அந்தப் பணத்தை நல்ல டயருக்கோ பிரேக் பேடுக்கோ செலவிடலாம். டைனோவில் (எஞ்சின் ஆற்றலை அளக்கும் கருவியில்) ஒப்பிடுவதானால், கூலன்ட் வெப்பநிலையும் கியரும் மாறாமல் பல முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு சதவீத வேறுபாடு ஒரே காரின் அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு இடையிலேயே வரக்கூடியது.

பொருத்துவதென்று முடிவு செய்தால், ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நீளம் கூடிய போல்டுகளும் ஸ்டட்களும் கட்டாயம் தேவை. அலுமினிய ஹெட்டில் போல்டின் விட்டத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழத்துக்குத் திருகு பிடித்திருக்க வேண்டும். எம்8 போல்டுக்கு அது 12 மில்லிமீட்டர். பானட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா, ஃபியூயல் லைனும் மேனிஃபோல்டின் தாங்கு பிராக்கெட்டும் எட்டுமா என்பதை முன்கூட்டியே பாருங்கள். வி வடிவ எஞ்சின்களில் இரு பக்கமும் ஸ்பேசர் வைத்தால் போல்ட் துளைகளும் போர்ட்டுகளும் ஒன்றுக்கொன்று விலகிவிடும் என்பதால், அந்த எஞ்சினுக்கென்றே வடிவமைத்ததைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்பேசரின் இரு பக்கமும் புதிய கேஸ்கெட் தேவை. போர்ட்டின் ஓரத்தில் விளிம்பு எதுவும் காற்றின் வழியில் துருத்தி நிற்கக் கூடாது. போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று கட்டங்களில், சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் அளவுக்கு இறுக்குங்கள். பலர் மறந்துவிடும் ஒன்று எர்த் இணைப்பு: ஃபீனாலிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மேனிஃபோல்டின் வழியே எர்த் பெறும் சென்சார் இருந்தால் தனி வயர் இட வேண்டும்.

பிறகு ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது இசியு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தத்தை, பாருங்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ட்ரிம் வழக்கத்தைவிட மிகவும் கூடி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், ஏதோ ஒரு கேஸ்கெட்டின் வழியே காற்று கசிகிறது. அப்படியானால் புகைச் சோதனை (புகையைச் செலுத்திக் கசிவைத் தேடுவது) செய்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். போல்டைக் கூடுதலாக இறுக்கி அடைக்க முயன்றால் ஃபீனாலிக் விரிசல் விடும்.