ஏழு கிணறு சரியாக இருந்தால்தான் எட்டாவது கிணறு

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் இருப்பவை ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. நிஜமும் மாயையும் கலந்த கதை எழுத ஆசைப்படும் திருகோணமலைப் பிள்ளைகள் எப்படியும் ஒருமுறை அங்கே போய் நிற்பார்கள். அண்மையில் வாசித்த ஒரு கதையில், அம்மம்மா ஒருத்தி எட்டாவது கிணற்றில் வாளியை விடுகிறாள். அருமையான இடம். ஆனால் அதற்கு முதலே மற்ற ஏழையும் ‘அடி தெரியாத ஆழம்’ என்று எழுதியாயிற்று. எட்டிப் பார்த்தால் அடி தெரியும் சிறிய சதுரக் கிணறுகள் அவை, மூன்று நான்கு அடிதான் ஆழம். ஒன்றில் ஒரு சூடு, பக்கத்ததில் இன்னொரு சூடு. இந்த ஏழையும் உள்ளபடி சொல்லியிருந்தால், எட்டாவதை நான் வாய் திறக்காமல் நம்பியிருப்பேன்.

‘மாயக் கதைதானே, விவரம் எப்படி இருந்தால் என்ன’ என்ற நினைப்புத்தான் முதல் தவறு. அதுவே பெரிய தவறும்கூட. கோணேசர் கோயிலடியில் நின்று சூரியன் கடலில் விழுவதைப் பார்ப்பதாக ஒருவர் எழுதினார். அந்தப் பக்கம் கிழக்குக் கடல், சூரியன் எழும்புவதுதான் அங்கே. தண்ணீருக்கு மேலே மாலை வெயில் வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போக வேண்டும். இப்படி ஒரு வரி பிழைத்தால், பிறகு வரும் பேய் எழுத்தாளரின் கவனக்குறைவாகவே தெரியும்.

எது விந்தை என்பதிலும் கவனம் வேண்டும். நகரத்து வீதியில் புள்ளிமான் நடந்து வருவதை, நிலவும் குளிர்காற்றும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு வர்ணிப்பார்கள். வெளியூர் வாசகர் மயங்கலாம். பஸ் நிலையத்தடியில் மான் கடதாசி தின்பதைத் தினமும் பார்க்கும் நாங்கள் சிரித்துவிடுவோம். (மூடுபனியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பனி வந்தாலே அடுத்தது மாயம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.)

அப்புறம் விளக்கம். பேய் வந்ததா, பாத்திரத்தின் பிரமையா என்று வாசகர் முடிவு கட்ட முடியாமல் தயங்குகிற அந்த நேரம்தான் இவ்வகை எழுத்தின் உயிர் என்று 1970இல் எழுதினார் இலக்கியத் திறனாய்வாளர் தொதொரோவ். ‘எல்லாம் கனவு’ என்று முடிப்பவர்கள் அந்தத் தயக்கத்தைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள். விழித்தவன் கையில் ஒரு பூ இருந்தது என்று ஒட்டுப்போடுவதும் பழசாகிவிட்டது.

இதைவிட என்னை வருத்துவது, ‘அவளுக்கு மனநோய்’ என்று முடிப்பது. எங்கள் மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள் உண்டு. ஒரு தாய் இரவில் படலை திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து சோறு போட்டு வைக்கிறாள் என்று எழுதினால், மகன் வந்தானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வைத்தியரைக் கூப்பிடாதீர்கள். விடிந்ததும் அந்தக் கோப்பை எப்படி இருந்தது, அவள் அதை எங்கே வைத்துக் கழுவினாள், அதைச் சொல்லுங்கள். போதும்.

கடைசியாக, ஊர்க்கதைகளைக் கையாளும் விதம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டைப் பொறித்த ஒரு தூண் உண்டு. காதலன் கப்பலேறிப் போனதும் பிரான்சினா வன் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண் அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்பார்கள். பதிவேடுகளோ அவள் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் கட்டியதாகச் சொல்கின்றன. சிலர் பாய்ந்ததை அப்படியே வரலாறாக எழுதிவிடுகிறார்கள். சிலர் ‘புளுகு’ என்று கதையையே தூக்கி எறிகிறார்கள். எனக்கு இரண்டும் சம்மதமில்லை. கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்தும் பிரான்சினாவிடம், யாரோ ஒரு மாலுமி வந்து, அவள் பாய்ந்து செத்த கதையைச் சொல்கிறான். அவள் என்ன சொல்லியிருப்பாள்? அந்தக் கதையை இதுவரை ஒருவரும் என்னிடம் எழுதிக்கொண்டு வரவில்லை.