உடைந்த வென்வை ஒட்டவைக்காதீர்கள், புதிதாகக் கட்டுங்கள்

மேக்கில் ஹோம்புரூ (மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யும் கருவி) பைத்தானை அப்கிரேட் செய்திருக்கும், அல்லது ஆபீஸில் லேப்டாப்பை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அல்லது புரோஜெக்ட் ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலிருந்து வேறு இடத்துக்கு இழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்கப்புறம் பிப் (பைத்தான் பேக்கேஜுகளைப் போடும் கருவி) என்று தட்டினால் ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்கிறது, நேற்றுவரை ஓடிய நம்பை பேக்கேஜ் இன்று இல்லவே இல்லை என்கிறது. பயப்பட வேண்டாம், உங்கள் கோடு (நிரல்) அப்படியே இருக்கிறது, போனது வென்வ் மட்டும்தான், அதாவது ஒரு புரோஜெக்ட்டுக்கான பைத்தான் பேக்கேஜுகளைத் தனியாக வைத்திருக்கும் ஃபோல்டர். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

ஏன் உடைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வென்வுக்குள் முழு பைத்தான் கிடையாது. மேக்கிலும் லினக்ஸிலும் உள்ளே இருக்கும் ‘பைத்தான்’ வழக்கமாக ஒரு சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி), வெளியே இருக்கும் உண்மையான பைத்தானைக் காட்டும், அவ்வளவுதான். ‘பைவென்வ்.சிஎஃப்ஜி’ ஃபைலைத் திறந்தால் ‘ஹோம்’ என்ற வரியில் அந்த இடம் எழுதியிருக்கும். அப்கிரேடில் அந்த ஃபோல்டர் போய்விட்டால் சிம்லிங்க் அந்தரத்தில் தொங்கும். பிப் போன்ற ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் வென்வின் முழுப் பாதையும் பதிந்திருப்பதால் ஃபோல்டரை நகர்த்தினாலும் உடையும். பேக்கேஜுகளோ ‘பைத்தான்3.11’ என்று பதிப்பு எண்ணோடு கூடிய ஃபோல்டருக்குள் இருக்கும், 3.12 அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. பாலிடெக்னிக் மாணவர்கள் குரூப் அசைன்மென்ட்டை வென்வோடு சேர்த்து ஸிப் செய்து டெலிகிராமில் அனுப்புவதைப் பார்க்கிறேன், விண்டோஸில் கட்டிய வென்வ் நண்பரின் மேக்கில் ஓடவே ஓடாது, தயவுசெய்து கோடையும் பேக்கேஜ் பட்டியலையும் மட்டும் அனுப்புங்கள்.

எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான்: பழைய வென்வை உடனே அழித்துவிடுவது. முதலில் உள்ளே என்ன இருந்தது என்ற பட்டியலை வெளியே எடுங்கள். ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் (தேவையான பேக்கேஜுகளின் பட்டியல்) ஏற்கெனவே இருக்கிறதே என்றாலும் எடுங்கள், ஏனென்றால் இரவு பதினொரு மணிக்கு அவசரமாக இன்ஸ்டால் செய்த பேக்கேஜை யாரும் அதில் எழுதி வைப்பதில்லை. உள்ளே இருக்கும் பைத்தான் செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, கணினியில் ஓடுகிற ஏதாவது ஒரு பைத்தான் போதும்: ‘பைத்தான்3 -எம் பிப் ஃப்ரீஸ் --பாத்’ என்று தட்டி, பழைய வென்வில் பேக்கேஜுகள் இருக்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’ ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். பெயரும் பதிப்பும் வரிசையாக வந்துவிடும், அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியவில்லையா, அந்த ஃபோல்டரைத் திறந்து ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் ஃபோல்டர் பெயர்களைப் படியுங்கள், பேக்கேஜ் பெயரும் பதிப்பு எண்ணும் அதிலேயே இருக்கும்.

உங்கள் சொந்த ஃபைல் எதுவும் வென்வுக்குள் மாட்டியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவையின் சாவியை வைத்து பஸ் வருகை நேரம் காட்டும் செயலியை இங்கே நிறையப் பேர் பழகுவதற்காகச் செய்கிறார்கள். அந்தச் சாவி இருக்கும் ‘.என்வ்’ ஃபைலைப் பெயர்க் குழப்பத்தில் ‘என்வ்’ ஃபோல்டருக்குள்ளேயே போட்டிருந்தால் அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். எல்லாம் பார்த்தபிறகும் அழிக்காமல், ‘.வென்வ்-பழசு’ மாதிரி ஒரு பெயருக்கு மாற்றி வையுங்கள்.

சரி, இப்போது எந்தப் பைத்தான்? புதியது வந்துவிட்டதே என்று தாவ வேண்டாம் என்பேன். முன்பு 3.11 இருந்தால் முதலில் 3.11-லேயே திரும்பக் கட்டி ஓடவைத்துவிட்டு, அப்புறம் தனியாக மேலே போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. உதாரணத்துக்கு, 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸ் (பேக்கேஜ் கட்டும் பழைய கருவி) எடுக்கப்பட்டுவிட்டது, அதன் இடத்தை நிரப்பும் செட்டப்டூல்ஸும் புதிய வென்வில் தானாக வருவதில்லை. பழைய பேக்கேஜ் ஒன்று ‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்று அழுதால் செட்டப்டூல்ஸை நீங்களே இன்ஸ்டால் செய்ய வேண்டும், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கட்டுவது ஒரு வரி: ‘பைத்தான்3.11 -எம் வென்வ் .வென்வ்’. உபுண்டுவில் ‘என்ஷ்யூர்பிப் இல்லை’ என்று நின்றால், உங்கள் பதிப்புக்குரிய வென்வ் பேக்கேஜை உபுண்டுவின் ஏபிடி கருவி வழியாகத் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல் ஆக்டிவேட் செய்ய விடாமல் மறித்தால் எக்ஸிக்யூஷன் பாலிசியை (ஸ்கிரிப்டுகளை ஓடவிடும் விதி) உங்கள் யூசருக்கு மட்டும் ‘ரிமோட்சைன்ட்’ என்று மாற்றுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அந்த அனுமதி இல்லையென்றால் ஆக்டிவேட் செய்யாமலே ‘.வென்வ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தானின் பாதையை நேராகக் கொடுத்து ஓட்டலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. பிப்பை மட்டும் எப்போதும் ‘பைத்தான் -எம் பிப்’ என்றே கூப்பிடுங்கள், வேறு பைத்தானின் பிப் குறுக்கே வராது.

பழைய பட்டியலைப் புதிய வென்வில் அப்படியே கொட்டலாமா? அதே பைத்தான் பதிப்பு என்றால் கொட்டலாம். கோண்டாவிலிருந்து (பைத்தான் பேக்கேஜுகளுக்கான வேறொரு கருவி) வந்த பட்டியலாக இருந்து, ‘ஃபைல்’ என்று தொடங்கும் பாதைகள் தெரிந்தால் அவற்றை நீக்கி வெறும் பெயரும் பதிப்பும் வையுங்கள். பதிப்பு மாறுகிறது என்றால், ‘பிப் லிஸ்ட் --நாட்-ரெக்வயர்ட்’ என்பதோடு ‘--பாத்’ சேர்த்து, பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து ஓட்டினால் வேறு எந்தப் பேக்கேஜும் கேட்காத பேக்கேஜுகள் மட்டும் வரும், கிட்டத்தட்ட நீங்களாக விரும்பிப் போட்டவை இவைதான். அவற்றை மட்டும் இன்ஸ்டால் செய்தால் மற்றவை பொருத்தமான பதிப்பில் தாமே வரும்.

சாங்கி பிசினஸ் பார்க் மாதிரி இடங்களில் பெரிய நிறுவனத்து நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு இங்கே எஸ்எஸ்எல் பிழை வரலாம், நிறுவனத்தின் புராக்ஸி நடுவில் தன் சான்றிதழை நுழைப்பதுதான் காரணம். ‘டிரஸ்டட்-ஹோஸ்ட்’ போட்டுச் சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள், அது ஆபத்து. பிப் 24.2 முதல், பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் என்றால், கணினியின் சான்றிதழ்க் கிடங்கையே பிப் பார்க்கிறது, அதனால் பிப்பைப் புதுப்பித்தாலே பல இடங்களில் தீர்ந்துவிடும். இல்லையென்றால் ஐடி பிரிவிடம் சான்றிதழ் ஃபைலை வாங்கி ‘--செர்ட்’ என்று கொடுங்கள்.

பேக்கேஜுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும் ‘பைத்தான் -எம் பிப் செக்’ ஓட்டிப் பாருங்கள், பிறகு உங்கள் டெஸ்டுகளை. விஎஸ் கோடு எடிட்டர் இன்னும் சிவப்பு அடிக்கோடு போட்டால் அது பழைய இன்டர்பிரட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது, ‘செலக்ட் இன்டர்பிரட்டர்’ போய்ப் புதியதைக் காட்டுங்கள். ஜூப்பிட்டர் நோட்புக் பயன்படுத்தினால் ஐபிகெர்னல் பேக்கேஜைப் போட்டு கெர்னலை மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய பட்டியலை கிட்டில் சேருங்கள், ‘.வென்வ்’ மட்டும் சேராமல் இருக்க கிட்இக்னோரில் இருக்கட்டும். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் ‘.வென்வ்-பழசு’ ஃபோல்டரை அழித்துவிடலாம்.