வார்டனுக்குத் தெரியாத பாடம்: கூர்நோக்கு இல்லத் திறன் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் கூர்நோக்கு இல்லச் சிறுவர்களோடு (வழக்கு விசாரணை முடியும்வரை அங்கே தங்கவைக்கப்படுபவர்கள்) வேலை செய்ய ஆசைப்பட்டு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வார்டனை விட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களுக்காக உருவாக்கியது டி.பி.டி. (Dialectical Behavior Therapy) எனும் சிகிச்சை முறை. 1993-இல் அதன் பயிற்சிக் கையேடு வந்தது. பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் சிறார் இல்லங்களுக்குள்ளும் அது போனது. நிகழ்கணத்தில் கவனம் வைப்பது, துயரத்தைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, பிறரோடு பழகுவது என்று நான்கு திறன்கள்.

இந்தத் திறன்களைத்தான் நாம் இல்லத்துப் பையன்களுக்குக் கற்றுத்தருகிறோம். சரி, செவ்வாய்க்கிழமை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்: "கோபம் தலைக்கேறினால் குழாயடிக்குப் போய் முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடி, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடு." வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு. பையன் சொன்னபடியே குழாயடிக்கு நடக்கிறான். "எங்கடா போற? வரிசையில நில்லு!" என்று வார்டன் தோளைப் பிடிக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் இனி வகுப்பில் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். அதனால் பையன்களுக்கு நடத்தும் பாடத்தை வார்டனுக்கும் இரவுக் காவலருக்கும் சமையல்காரருக்கும் நடத்துங்கள். நெஞ்சில் கை வைத்தால் "ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று பொருள், இப்படி ஒரு சைகையை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தாலே பாதி சண்டை அடங்கும்.

அடுத்தது, வழக்கைக் கிளறுவது. ஒரு செயலுக்கு முன் என்னென்ன நடந்தது என்று கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பார்க்கும் பயிற்சி இதில் உண்டு. அதற்குப் பையன் மேலுள்ள குற்றச்சாட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். விசாரணை முடியவில்லை, சட்டத்தின் முன் அவன் குற்றமற்றவன். குழுவில் அவன் சொல்வது இல்லம் முழுக்கப் பரவும். நேற்றைய கேரம் சண்டை போதும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த பையனுக்கு இது சட்டென்று புரியும்: வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை மிதிப்பதா, வருவதற்கு முன்பே கியரைக் குறைப்பதா? நேற்று உன் வளைவு எந்த இடத்தில் தொடங்கியது? பலகையில் தூய தமிழ்க் கலைச்சொல் எழுதி விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

முழுப் பாடத்திட்டம் சுமார் 24 வாரம் ஓடும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ விசாரணைக்குப் பொதுவாக 4 மாதம்தான் தருகிறது. ஜாமீன் கிடைத்தால் பையன் அடுத்த வாரமே வீட்டுக்குப் போய்விடுவான். தொடர்கதை மாதிரி நடத்தாமல், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முழுத் திறனைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

மூச்சுப் பயிற்சியைத் தண்டனையாகக் கொடுப்பதும் தவறு. அப்புறம், தினமும் மனநிலையைக் குறிக்கும் அட்டை. அதை யார் படிப்பார்கள், அறிக்கையில் எது போகும் என்று முதல் நாளே பையனிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லா நாளும் "நல்லா இருக்கேன்" என்றுதான் எழுதுவான்.