செய்தி போட்டதும் திட்டு விழுகிறதா? நிருபர்களுக்குச் சில வழிகள்

செய்தியை எக்ஸிலோ ஃபேஸ்புக்கிலோ பகிர்ந்த கொஞ்ச நேரத்தில் நோட்டிஃபிகேஷன் கொட்ட ஆரம்பித்துவிடும். திமுகவைப் பற்றி எழுதினால் 'சங்கி', பாஜகவைப் பற்றி எழுதினால் '200 ரூபாய் உபி' (காசு வாங்கிக்கொண்டு எழுதும் திமுக உடன்பிறப்பு என்ற கேலி), இரண்டு பட்டமும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் கிடைப்பதும் உண்டு. முதல் வேலை, பதில் போடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை படிப்பது. படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர் பேசுவது செய்தியைப் பற்றியா, என்னைப் பற்றியா?

இதைத் தொனியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'ஏன்டா, அந்தப் பாலம் வேற மாவட்டத்துல இருக்கு, இதுகூட தெரியாம நிருபரா' என்று ஒருவர் எகிறினால், அது செய்தியைப் பற்றிய விமர்சனம். திட்டை விட்டுவிட்டு மாவட்டத்தைச் சரிபாருங்கள். 'தங்கள் சொந்த ஊர் எது, அப்பா பெயர் என்ன என்று அறியலாமா' என்று ஒருவர் தேன் ஒழுகக் கேட்டால், அவருக்குச் செய்தி தேவையில்லை, உங்கள் சாதிதான் தேவை. அதற்குப் பதிலே வேண்டாம்.

செய்தியில் தவறு இருந்தால் வேகமாகவும் வெளிப்படையாகவும் திருத்த வேண்டும். சத்தமில்லாமல் அழிப்பது மிக மோசமான வழி, ஏனென்றால் அதற்குள் யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், பிழையாக இருந்தது அதன் பிறகு மறைப்பாகிவிடும். எது தவறு, எது சரி என்று இரண்டே வரியில் புதிய பதிவு போடுங்கள், தவறான பதிவின் படத்தையும் அதிலேயே வையுங்கள், அப்புறம் பழையதை நீக்குங்கள். சுட்டிக்காட்டியவர் திட்டித்தான் சொன்னார் என்றாலும் நன்றி சொல்லுங்கள். 'சிலர் மனம் புண்பட்டிருந்தால்' என்ற இழுவை மட்டும் வேண்டாம். தவறு என்றால் தவறு என்று எழுதினால் போதும்.

நியூஸ் கார்டு, அதாவது செய்தியைச் சுருக்கிப் படமாகப் போடும் அட்டை, விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கார்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டால் எக்ஸில் போட்ட திருத்தம் அங்கே போய்ச் சேராது. அதனால் திருத்தத்தையும் அதே அளவில், அதே வடிவில் ஒரு கார்டாகவே போடச் சொல்லி டெஸ்க்கிடம் (செய்தியைத் திருத்தித் தலைப்பு வைத்து வெளியிடும் பிரிவு) வற்புறுத்துங்கள். சேனல் லோகோவோடு, நீங்கள் சொல்லாததைச் சொன்னதாகப் போலி கார்டு சுற்றினால், அதன் மேல் பெரிதாக 'போலி' என்று முத்திரை குத்தி நிறுவனத்தின் கணக்கிலிருந்தே வெளியிட வேண்டும். மூலப் படத்தை அப்படியே பகிர்ந்து 'இது பொய்' என்று மேலே எழுதினால், படம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு மறுபடியும் சுற்றக் கிளம்பிவிடும்.

தலைப்பைக் குறை சொன்னால், 'தலைப்பு நான் வைக்கவில்லை' என்று பதில் எழுதத் தோன்றும். உண்மைதான், ஆனால் வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உங்கள் டெஸ்க்கைத் தெருவில் நிறுத்தியதுதான் மிச்சம். குறை நியாயமானது என்றால் டெஸ்க்கிடம் பேசித் தலைப்பை மாற்ற வையுங்கள், மாற்றிவிட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாற்பது ஃபாலோயர் உள்ள ஒருவரின் வசையைக் கோட் ட்வீட் செய்து, அதாவது உங்கள் கருத்தையும் சேர்த்து மறுபடி பகிர்ந்து, நீங்கள் கிண்டலடிப்பதும் தவறு. உங்களைப் பின்தொடரும் ஆயிரக்கணக்கானோரை அவர்மேல் ஏவிவிடுகிறீர்கள், நீங்கள் எதைக் கண்டு வருந்துகிறீர்களோ அதையே அவருக்குச் செய்கிறீர்கள்.

ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை, ஒரே ஹேஷ்டேக் என்று நூற்றுக்கணக்கில் வந்தால் அது திட்டமிட்ட தாக்குதல். அங்கே விளக்கம் கொடுத்துப் பயனில்லை. யார் பதிலளிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துங்கள், சில சொற்களை ம்யூட் செய்யுங்கள், ஃபோனை வைத்துவிடுங்கள்.

மிரட்டலும் ஆபாசமும் வேறு கணக்கு. பிளாக் செய்யும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பதிவின் லிங்க், கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். மார்ஃபிங் செய்த ஆபாசப் படம் என்றால், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் வந்தபோதே தளங்களுக்குக் கெடு வைக்கப்பட்டது, அந்த விதிகளைச் சொல்லியே புகார் கொடுங்கள். கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 351ஆவது பிரிவும், பெண்களை விடாமல் பின்தொடர்வதற்கு 78ஆவது பிரிவும் இருக்கின்றன.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற வாதத்தை சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை, 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆறு வருடம் ஆனது, ஆனாலும் 'ஃபார்வர்ட்தானே செய்தேன்' என்பது தப்பிக்கும் வழியில்லை என்று பதிவாகிவிட்டது.

ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. யுனெஸ்கோவுக்காக 2020இல் நடந்த கருத்தாய்வில் பதிலளித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், 20 சதவீதம் பேர் அதோடு தொடர்புடைய தாக்குதலை நேரிலும் சந்தித்திருந்தார்கள். ஆகவே 'கொஞ்ச நாள் ட்விட்டர் பக்கம் போகாதே' என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிடாதீர்கள். செய்தி சரி என்றால் நிறுவனத்தின் பெயரில் அன்றைக்கே அறிக்கை விடுங்கள், புகார் கொடுக்க வக்கீலையும் கூட அனுப்புங்கள். அந்த நிருபரின் மென்ஷன்களை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: மிரட்டலைத் தனியாக எடுத்துவைக்கட்டும், நியாயமான திருத்தம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நிருபரிடம் கொடுக்கட்டும்.